தகுதி யாருடைய பொறுப்பு?

நல்ல ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு நன்னூல் சொல்லும் பதில் தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கமானது. ஆசிரியராகத் தகாதவருக்குப் பவணந்தி முனிவர் நான்கு உவமைகள் தருகிறார். கழற்சிக்காய் நிரப்பிய குடம் போட்ட முறையில் கொடுக்காது, முறை மாறிக் கொட்டும். கருக்குமட்டை சூழ்ந்த பனை யாரையும் ஏறவிடாது, தானாக விழுந்தால்தான் பழம். பஞ்சடைத்த குடுக்கையில் அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. வளைந்த தென்னை ஒரு வீட்டில் தண்ணீர் குடித்து அடுத்த வீட்டு முற்றத்தில் காய் போடும். இந்த நால்வரின் வகுப்பிலும் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம் நாம் எல்லோரும்.

ஆனால் அதே நன்னூல் நல்லாசிரியரின் இயல்புகளைப் பட்டியலிடும்போது முதலில் வைக்கும் சொல் ‘குலன்’. அருளும் கலையறிவும் உலகியல் அறிவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆசிரியர் இருக்கையில் மட்டுமல்ல, மாணவர் இருக்கையிலும்கூட ஒரு பெண்ணை அந்தப் பாயிரம் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியர் பணிக்குப் பட்டமும் பயிற்சியும் தேர்வும் கேட்கும் நவீன ஏற்பாட்டைப் பற்றி நான் என்ன சொன்னாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஏற்பாடு பட்டியலிலிருந்து முதல் சொல்லை அடித்தது. பிறப்பு கேட்ட இடத்தில் சான்றிதழ் கேட்டது. சான்றிதழைச் சம்பாதிக்க முடியும். குலத்தைச் சம்பாதிக்க முடியாது.

இந்த வித்தியாசம் பெண்களுக்கு என்னவாக இருந்தது என்பதற்குச் சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கை ஒரு சாட்சி. பன்னிரண்டு வயதுக்குள் கைம்பெண் ஆனவர், 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டு இளம் கைம்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அங்கே தங்கிய பெண்கள் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். 1922இல் சென்னையில் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வரும் அவரே. அரசாங்கத்துக்குப் பெண் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். வீட்டின் பின்கட்டில் ஒடுங்கிக் கிடந்த பெண்களுக்கு வெளியே வர ஒரு காரணம் தேவைப்பட்டது. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் அந்தக் காரணமாயிற்று. தன் பெயரில் ஒரு காகிதம், அந்தப் பெயருக்கு ஒரு சம்பளம். அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே என்றிருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குலன் என்ற சொல் முன்வாசலில் அடிக்கப்பட்டாலும் கொல்லைப்புறமாக நுழைந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் கதவு திறந்தது. உரிமம் என்பது எப்போதும் காவல்காரன் மட்டுமல்ல, சில காலங்களில் சாவியாகவும் இருந்திருக்கிறது.

சாவி எப்போது சங்கிலியாயிற்று?

“பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாந்தம்” என்று சொல்லத் தொடங்கியபோது என்று நினைக்கிறேன். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பிள்ளைகளுக்கு லீவு விடும்போது அவளுக்கும் லீவு. பி.எட். என்பது ஒரு தொழிற்கல்வி என்ற நினைப்பே மங்கி, வரனுக்கு முன்னால் வைக்கும் தட்டில் இன்னொரு பொருளாகச் சேர்ந்துவிட்டது. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் இருபது வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. ஆனால் கல்லூரிக்குச் சரிவரப் போகாமலே பி.எட். முடித்துவிடலாம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் குற்றமாக அல்ல, ஒரு வசதியாகச் சொல்வார்கள். ஏனென்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெண்ணுக்கு இயல்பாகவே வரும், அதற்கு எதற்குப் பயிற்சி?

தாய்மை என்ற அந்தப் பாராட்டுக்குள் இரண்டு அவமதிப்புகள் இருக்கின்றன. கற்பித்தல் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையே அல்ல என்பது ஒன்று. இயல்பாக வருவதற்குப் பெரிதாகக் கூலி தர வேண்டியதில்லை என்பது இன்னொன்று.

இப்போது தகுதித் தேர்வுக்கு வருகிறேன். 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. எட்டாம் வகுப்புவரை கற்பிப்பவர்களுக்கு ‘டெட்’ என்ற தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. ஆறு முதல் எட்டு வரை கற்பிக்க இரண்டாம் தாள் எழுத வேண்டும். 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60, கணக்கும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். தமிழ் மட்டுமே கற்பிக்கப்போகிற ஒரு பெண்ணும் அந்த இரண்டில் ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அவள் வாழ்நாள் முழுக்க நடத்தப்போகிற பாடத்துக்கு அந்தத் தாளில் ஐந்தில் ஒரு பங்கு. தமிழகத்தில் 2012இல் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அது ஆசிரியர்களின் தரத்தைக் காட்டுகிறது என்றார்கள் பலர். அவர்களை உருவாக்கிய கல்லூரிகளின் தரத்தை, அந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தவர்களின் தரத்தைக் காட்டுகிறது என்று சொன்னவர்கள் குறைவு.

ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டிய தேர்வு இது. இங்கே 2013க்குப் பிறகு அடுத்த பொதுத் தேர்வு 2017இல்தான் நடந்தது. நான்கு ஆண்டுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான் என்று காலண்டர் சொல்லும். இருபத்துநான்கு வயதில் பி.எட். முடித்து நிற்கும் பெண்ணின் இருபத்தெட்டாம் வயது அப்படிச் சொல்லாது. அதற்குள் கல்யாணம், ஊர் மாற்றம், ஒரு பிள்ளை, சில நேரம் இரண்டு. தேறியவர்களுக்கும் சான்றிதழ் ஏழு ஆண்டுகள்தான் செல்லும் என்றிருந்தது. அந்த ஏழும் வேலையில்லாமல் கழிந்தவர்கள் உண்டு. 2018இல் பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று அரசாணை வந்தது. 2021இல்தான் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றானது. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வழிகாட்டி நூலைத் திறக்கிறவளும், மாலை ஆறு மணிக்குப் பயிற்சி மையத்துக்குக் கிளம்புகிறவனும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். வினாத்தாள் சமமானது. அதற்கு முந்தைய இரவுகள் சமமானவை அல்ல.

இதோடு இன்னொரு காட்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அதன் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆறு முதல் எட்டு வரையான பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு பட்டம் இருந்தால் போதும் என்றிருந்தது. பி.எட். வேண்டாம், டெட் வேண்டாம். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. பல கிராமங்களில் அந்தப் பெண்கள் செய்த வேலையை நான் மதிக்கிறேன். என் கேள்வி அவர்களிடம் இல்லை. அதே வயதுப் பிள்ளை, அதே பாடம். சம்பளமும் ஓய்வூதியமும் தர வேண்டிய இடத்தில் அரசு 150 கேள்விகள் கேட்கிறது. ஆயிரம் ரூபாய் தந்த இடத்தில் ஆர்வத்தை மட்டும் கேட்டது. அப்படியானால் அந்தக் கேள்விகள் பிள்ளையைப் பாதுகாக்க வந்தவையா, கஜானாவைப் பாதுகாக்க வந்தவையா?

தேர்வையே எடுத்துவிடுங்கள் என்று இந்த இடத்தில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்னால் அவர்களோடு நிற்க முடியாது. ஏனென்றால் இந்தக் கதையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அவளுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு.

தொடக்கப் பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொள்ளாமலே இங்கு வந்து சேர்ந்திருக்கலாம். இனி வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். கணக்கில் எண்கள் போய் எழுத்துகள் வருகின்றன. ஏன் வருகின்றன என்று யாராவது பொறுமையாகச் சொல்லாவிட்டால் கணக்கு அவளுக்கு அங்கேயே முடிந்துவிடும். இந்த மூன்று ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் அவள் வயதுக்கு வருவாள். சில நாள்கள் வரமாட்டாள். வந்த பிறகு கடைசி பெஞ்சுக்கு நகர்வாள். வீட்டில் அவளைப் பற்றிப் பேசும் குரல் மாறியிருக்கும். எட்டாம் வகுப்போடு சட்டம் தரும் கட்டாயக் கல்வியின் எல்லையும் முடிகிறது. அவள் அந்த எல்லையைத் தாண்டுவாளா என்பது பல நேரம் ஒரு ஆசிரியர் இதையெல்லாம் கவனித்தாரா என்பதில் இருக்கிறது. கவனிப்பது இரக்கம் மட்டுமல்ல. எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது, எந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்திருப்பது. அது கற்றுக்கொள்ள வேண்டிய அறிவு.

அரசுப் பள்ளியில் படிக்கும் அந்தச் சிறுமி பெரும்பாலும் தலித் வீட்டுப் பெண்ணாகவோ கூலி வீட்டுப் பெண்ணாகவோ இருப்பாள். டியூஷன் வைத்து ஈடுசெய்ய அவளுக்கு வழி இல்லை. ஆசிரியர் எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த வேலைக்கு வந்தார் என்பது உண்மையாக இருக்கலாம். அந்தக் கஷ்டத்தின் விலையை இவள் கட்ட வேண்டும் என்பதில் நியாயமில்லை. அனுபவம் போதாதா என்று கேட்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள பருத்திக் குண்டிகைகளும் உண்டு. ஒரு பெண்ணின் வாழ்வாதாரத்துக்காகப் பேசுவது பெண்ணியம் என்றால், இந்தச் சிறுமியின் வகுப்பறைக்காகப் பேசுவதும் பெண்ணியம்தான். இரண்டையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டது யார் என்பதே கேட்க வேண்டியது.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்குமேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும், இல்லையேல் பணியைவிட்டுப் போக வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேர்வின்றித் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. பிள்ளையின் உரிமையிலிருந்து தொடங்குவதால் அந்தத் தீர்ப்பை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதன் சுமை எங்கே போய் இறங்குகிறது? சேரும்போது அன்றைய விதி கேட்ட எல்லாவற்றையும் கொடுத்து உள்ளே வந்த ஒரு ஆசிரியை, ஐம்பது வயதில், மாதவிடாய் நிற்கும் காலத்தின் தூக்கமற்ற இரவுகளில், மாமியாரின் மருந்து வேளைகளுக்கு நடுவே தன்னை மறுபடி நிரூபிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அரசு அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்து, இது நன்றாக இருக்கிறது, இதை மாற்றுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறது? அவள் சரியாகக் கற்பிக்கிறாளா என்று அறிய 150 கேள்விகளைவிடச் சிறந்த வழி அவள் கற்பிப்பதைப் பார்ப்பது. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். கேள்வித்தாள் மலிவு.

ஒப்பிட என் தொழிலே இருக்கிறது. நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். முனைவர் பட்டம் பெற்றேன். ஆனால் வகுப்பில் நின்று கற்பிக்க ஒரு நாள் பயிற்சிகூட என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதினெட்டு வயது முடிந்தவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி வேண்டாம், சம்பளமும் மரியாதையும் அதிகம். பதினோரு வயதுக்குக் கற்பிக்கப் பயிற்சியும் தேர்வும் வேண்டும், இரண்டும் குறைவு. பள்ளி ஆசிரியர்களிடம் பெண்களே அதிகம் என்பதற்கும் இந்தத் தலைகீழ்க் கணக்குக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நம்புவது கடினம்.

ஆகவே நான் கேட்பது சலுகை அல்ல. பயிற்சி வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு நடக்கட்டும். தமிழ் ஆசிரியரைத் தமிழில் சோதியுங்கள். வகுப்பறையை வந்து பாருங்கள், ஒரு முறை அல்ல, தொடர்ந்து. பேறுகாலத்தால் தள்ளிப்போகும் ஆண்டுகள் யாருடைய தகுதியையும் குறைக்காதிருக்கட்டும். பயிற்சியே தராமல் பட்டம் தரும் கல்லூரிகளை முதலில் தேர்வுக்கு உட்படுத்துங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒருவருக்குக் கற்பிக்க வரவில்லை என்றால், அவர் பெண் என்பதற்காகவோ ஏழை என்பதற்காகவோ அந்த வகுப்பில் நீடிக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

தகுதி என்ற சொல் நம் நாட்டில் பெரும்பாலும் இடஒதுக்கீட்டுக்கு எதிராகவே உச்சரிக்கப்படுகிறது. யாரோ ஒருவரிடம் பிறவியிலேயே இருந்து, வேறு ஒருவரிடம் இல்லாமல்போன பொருள்போல. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் முதல் குறளில் இதே சொல் வருகிறது. அங்கே அதற்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருள் நடுவுநிலைமை. வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் ஒரே முறையில் நடந்துகொள்வது. அந்தப் பொருளில் தகுதி என்பது தேர்வு எழுதுகிறவரிடம் மட்டும் இருக்க வேண்டியது அல்ல, தேர்வு வைக்கிறவரிடமும் இருக்க வேண்டியது. ஆசிரியையின் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. அவளைத் தயாரிக்க என்ன செய்தோம் என்று அரசு எழுதிக் கையெழுத்திட வேண்டிய பக்கம் இன்னும் அச்சாகவே இல்லை. அந்தப் பக்கத்தையும் கேட்கும் உரிமை ஆசிரியைக்கு உண்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறுமிக்கு அதைவிட அதிகமாக உண்டு.