அம்மா கடைக்குப் போயிருக்கா

பன்விலைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயம். மாலை நேரம். வத்தேகமப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் சத்தம் கேட்டதும், இஸ்தோப்பில் இருந்த மூன்று வயதுச் சிறுமி எழுந்து ஓடினாள். "அம்மா கடையிலருந்து வந்துட்டா!" என்றாள். அம்மா போனது கடைக்கல்ல, குவைத்துக்கு. போய் ஏழு மாதமாகிவிட்டது. பெட்டியோடு இறங்கிய தாயின் பின்னால் கதறி ஓடிய பிள்ளையை அடக்க, அப்பாயி அன்றைக்குச் சொன்ன வார்த்தை அது. வேறு என்னதான் சொல்லியிருப்பாள், பாவம்!

வாசக நேயரே, இதை நாம் பொய்யென்றே கணக்கெடுப்பதில்லை. "சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்தக் கேள்வியை ஒருமுறை உண்மையாகவே கேட்டுப் பார்ப்போமே.

1983ஆம் ஆண்டு விம்மர், பெர்னர் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரியா நாட்டுச் சிறுவர்களுக்கு ஒரு கதை காட்டினார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வருகிறவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. நான்கு வயதைத் தாண்டியவர்களிலே பலர் சரியாகச் சொன்னார்கள். 2005இல் இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் இப்படியொரு சோதனை நடந்தபோதும், ஐந்து வயதளவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கைவந்திருந்தது.

ஆகவே, ஒருவர் மனத்தில் மற்றவர் தவறானதொன்றைப் புகுத்த முடியும் என்பதைப் பிள்ளை விளங்கிக்கொள்ளும் நாள் வரத்தான் போகிறது. அன்றைக்கு அவள் அப்பாயி சொன்ன கடைக் கதையைத் திரும்பிப் பார்ப்பாள். புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் ஏழு வயதைத்தான் நம் திருச்சபை புத்தி விவரம் வரும் வயதாகக் கொள்கிறது. 1910இல் பத்தாம் பத்திநாதர் அளித்த ஆணையும், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அப்படியே சொல்கின்றன. ஆனால் நம்பிக்கை உடைவதற்கு ஏழு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1996இல் பால் ஹாரிஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் மூன்று வயதுப் பிள்ளைகளிடம், சேற்றுச் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்த ஒருத்தியின் கதையைச் சொன்னார்கள். சப்பாத்தைக் கழற்றியிருந்தால் தரை அழுக்காகியிருக்குமா என்று கேட்டார்கள். பெரும்பாலும் சரியான விடையே வந்தது. நடந்ததை மாற்றி, நடக்காததை நினைத்துப் பார்க்கும் வரம் அந்தச் சின்ன வயதிலேயே கிடைத்துவிடுகிறது. கதை கேட்பதும் விளையாடுவதும் ஜெபிப்பதும் இந்த வரத்தினால்தான். ஆனால் உண்மை சொல்லப்படாத வீட்டிலே அதே வரம் பிள்ளையைக் குத்துகிறது. "நான் குழப்படி பண்ணாம இருந்திருந்தா அம்மா போயிருக்க மாட்டா, தானே?" இப்படி ஒரு பிள்ளை கேட்டதை நான் காதால் கேட்டேன்.

பியாஜே 1932இல் எழுதிய ஒரு நூலில் இரண்டு பையன்கள் வருகிறார்கள். ஒருவன் தெரியாமல் கதவைத் தள்ளிப் பதினைந்து கோப்பைகளை உடைக்கிறான். மற்றவன் ஜாம் திருடப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். சின்னஞ்சிறு பிள்ளைகளிலே பலர், பதினைந்து உடைத்தவனே கெட்டவன் என்றார்கள். சேதம் பெரிதானால் குற்றமும் பெரிது என்பது அவர்களுடைய கணக்கு. அப்படியென்றால், தாய் வீட்டில் இல்லாமற் போவதைவிடப் பெரிய சேதம் பிள்ளைக்கு வேறென்ன? அதற்கேற்ற குற்றவாளியைத் தேடி அது தன்னையே பிடித்துக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

தாயைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கொழுந்துச் சம்பளத்தில் அடுப்பெரியாத வீட்டை வெளியில் நின்று பார்த்துத் தீர்ப்பிடுவது எளிது. 2013இல் அரசாங்கம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுவேலைக்கு வெளிநாடு போவதைத் தடுத்தது. பிறகு அது தளர்த்தப்பட்டது. சட்டம் எப்படியிருந்தாலும், வீட்டில் மிஞ்சியவர்கள் பிள்ளைக்கு ஏதோ ஒன்று சொல்லியே ஆகவேண்டும்.

இந்தச் சங்கடம் புதிதல்ல. நன்மைக்காக ஏமாற்றுவது சில வேளை தகும் என்று புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் வாதாடினார். புனித அகுஸ்தீனார் ஒப்புக்கொள்ளவில்லை. மரணப் படுக்கையில் கிடப்பவன், இறந்துபோன தன் மகனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அவரும் கலங்கினார். கலங்கிய பிறகும் பொய் ஆகாது என்றே முடித்தார். எனக்கு அவருடைய முடிவைவிட அந்தக் கலக்கமே பெரிதாகப் படுகிறது. கலங்காமல் பொய் சொல்லும் நாம் அவரை எதிர்த்து வாதாட முடியாது.

அந்த அப்பாயி, ஞாயிறு பூசைக்குப் பிறகு, பிள்ளையை மடியில் வைத்து ஒருநாள் சொன்னாள்: "அம்மா கடைக்குப் போகல்ல கண்ணு. தூரமா வேலைக்குப் போயிருக்கா. நீ குழப்படி பண்ணினதுனால இல்ல." பிள்ளை இரண்டு நாள் அழுதது. பஸ் சத்தத்துக்கு ஓடவில்லை. மூன்றாம் நாள் பழைய செருப்பொன்றைக் காதில் வைத்துக்கொண்டு, துணிப்பொம்மையிடம் பேசிக்கொண்டிருந்தது: "அம்மா பேசுறேன். இப்ப வரமாட்டேன். ரெண்டு வருசம் கழிச்சித்தான் வருவேன். நீ சோறு தின்னியா?"