துக்க காலத்தில் அழகுக்கு இடமுண்டா?

மரணம் நிகழ்ந்த ஒரு வீட்டைச் சற்றே நினைத்துப் பாருங்கள். வானொலி ஓய்ந்து கிடக்கின்றது. முற்றத்து மல்லிகை மட்டும் வழமைபோலப் பூத்திருக்கின்றது, பறிப்பார் எவருமில்லை. அவ்வீட்டார் ஒருவர் வெளியே வந்து, தம்மை மறந்து ஒரு கணம் அந்த வாசனையில் மனம் மகிழ்ந்து விடுகின்றார். மறுகணமே நெஞ்சு குறுகுறுக்கின்றது: 'இந்த நேரத்தில் எனக்கு மகிழ்ச்சி கேட்கின்றதா?' அவர் செய்தது குற்றமா? அழகு தரும் ஆறுதல் உண்மையான ஆறுதலா, அல்லது துயரை மறைக்கும் போர்வைதானா?

இக்கேள்வியைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேட்ஸ்வேர்த். டஃபோடில் மலர்களைப் பற்றிய அவரது கவிதையை, அம்மலரை ஒருநாளும் கண்டிராத நம்மவர் பலரும் பள்ளியில் மனனம் செய்ததுண்டு. ஆனால் அதன் பின்னணியை அறிந்தோர் சிலரே. 1802ஆம் ஆண்டு சித்திரை 15ஆம் நாள், அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையில் காற்றில் அசைந்தாடிய அம்மலர்களைக் கவிஞர் கண்டார். கவிதையில் அவர் தனியே உலாவுகின்றார். உண்மையில் சகோதரி டொறத்தி கூடவே இருந்தார். அக்காட்சியைத் தம் நாட்குறிப்பில் முதலில் எழுதி வைத்தவரும் அவரே. அண்ணன் கவிதை இயற்றியது ஏறக்குறைய இரண்டு வருடங்களின் பின்னர். அதிலுள்ள இரண்டு அடிகள் மனைவி மேரி தந்தவை. அவையே சிறந்த அடிகள் என்று கவிஞரே ஒப்புக்கொண்டார். புகழ் ஒருவருக்கு, உழைப்பு ஒரு குடும்பத்துக்கு! இது நம் வீடுகளிலும் நடப்பதுதானே.

மலர் சில வாரங்களில் வாடிவிடும். ஆனால் மனம் சோர்ந்து படுத்திருக்கும் வேளைகளில் அக்காட்சி உள்ளே மீண்டும் எழுந்து மகிழ்ச்சி தருகின்றது என்பதே அக்கவிதையின் பொருள். 1798இல் ரின்ரேன் மடத்தின் அருகே இயற்றிய பாட்டில் அவர் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். நகரத்து அறையில் களைத்திருக்கையில், முன்பு கண்ட ஆற்றங்கரையின் நினைவு தமக்கு அமைதி தந்ததோடு நில்லாமல், பிறருக்குத் தாம் செய்யும் சின்னஞ்சிறு நன்மைகளுக்கும் ஊற்றாக இருந்திருக்கலாம் என்கின்றார். அழகை இரசிப்பவன் தன்னலக்காரன் என்று முகஞ்சுளிப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் சோதனை வந்தது. 1812ஆம் ஆண்டு யூன் மாதம் மூன்று வயது மகள் கத்தரீன் இறந்தாள். தந்தை அப்போது லண்டனில். தாயும் வீட்டில் இல்லை. அதே ஆண்டு மார்கழியில் ஆறு வயது மகன் தோமஸும் போய்விட்டான். கிறாஸ்மியர் கிராமத்தில் இவர்கள் வீட்டுக்கு எதிரேதான் கல்லறைத் தோட்டம். அதைத் தினமும் பார்த்திருக்க மாட்டாதவர்களாய் அடுத்த ஆண்டு வீடு மாறினர்.

பின்னர் அவர் எழுதிய ஒரு சிறு கவிதை 1815இல் வெளிவந்தது. எதிர்பாராமல் ஒரு மகிழ்ச்சி தோன்றுகின்றது. அதைப் பகிர்ந்துகொள்ள அருகே திரும்புகின்றார். யாரை நோக்கித் திரும்பினாரோ அந்தக் குழந்தை கல்லறையில். ஒரு கணமேனும் எப்படி மறந்தேன் என்று தம்மையே நொந்துகொள்கின்றார். மல்லிகை முன் நின்றவரின் அதே குறுகுறுப்பு!

எமது எண்ணப்படி, அவர் திரும்பியதுதான் இங்கே முக்கியம். அழகைக் கண்டதும் மனம் தேடியது யாரை? இறந்த மகளையே. ஆக அந்த மகிழ்ச்சி அன்புக்குத் துரோகம் செய்யவில்லை. அன்பின் வழியாகவே வந்தது. அழகு துயரை அழிக்கும் என்று எவராவது சொன்னால் நாம் நம்பவேண்டியதில்லை. சில வேளைகளில் அது துயரைக் கூராக்குகின்றது.

ஜோன் கீற்ஸும் இதை அறிந்தவரே. அழகு தரும் மகிழ்ச்சிக்கு முடிவில்லை என்ற கருத்தோடு 1818இல் வெளிவந்த 'என்டிமியன்' என்னும் நெடும்பாட்டைத் தொடங்கியவர், சுகவாசியல்லர். எட்டு வயதில் தந்தையையும் பதினான்கில் தாயையும் இழந்தவர். வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை பயின்றவர். அதே 1818 மார்கழியில் தம்பி ரொம் காசநோயால் இறக்கும்வரை பணிவிடை செய்தவர். மறு ஆண்டு பாடிய இராக்குயில் பாட்டின் முடிவில் பறவையின் குரல் தேய்ந்து மறைய, கவிஞர் மீண்டும் தம் தனிமைக்கே திரும்புகின்றார். 1821இல் உரோமாபுரியில் அதே நோயால் மாண்டபோது வயது இருபத்தைந்து.

'பசித்தவனுக்குப் பூவா?' என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்வி, முதலில் சோறுதான். ஆனால் ஜோன் ஸ்டுவேட் மில்லின் கதையையும் அவர்கள் கேட்கட்டும். மூன்று வயதிலேயே கிரேக்கம் கற்பிக்கப்பட்டவர், சமூகச் சீர்திருத்தமே வாழ்வு என வளர்க்கப்பட்டவர். 1826இல், இருபது வயதில், ஒரு கேள்வியைத் தமக்குத் தாமே போட்டார்: நான் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இன்றே நிறைவேறினால் எனக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? 'இல்லை' என்றது உள்ளம். அத்தோடு வாழ்வே இருண்டது. பைரனை வாசித்தார், பயனில்லை, பைரனும் தம்மைப்போலவே சலித்தவராகத் தோன்றினார். 1828இல் வேட்ஸ்வேர்த்தை எடுத்தார். அக்கவிதைகள் தமக்கு மருந்தாயின என்று, அவர் இறந்த 1873ஆம் ஆண்டிலேயே வெளிவந்த சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். போராட்டத்தையோ குறையையோ சார்ந்திராத, மனிதர் யாவரும் பங்குகொள்ளக்கூடிய ஒரு மகிழ்ச்சியை அங்கே கண்டாராம். அதன்பின் அவர் சீர்திருத்தத்தைக் கைவிட்டாரா? இல்லை, பாராளுமன்றம் சென்று பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார்.

வேட்ஸ்வேர்த்தின் மற்றொரு மகள் டோறா 1847இல் இறந்தாள். கவிஞருக்கு அப்போது எழுபத்தேழு வயது. அதன்பின் அவர் எழுதியது மிகச் சொற்பம். ஆயினும் அவரும் குடும்பத்தாரும் றைடலில் வீட்டருகேயிருந்த நிலத்தில், மகளின் நினைவாக நூற்றுக்கணக்கில் டஃபோடில் நட்டனர். 'டோறாவின் வயல்' என்று அதற்குப் பெயர். வசந்தம் தோறும் அங்கே இன்றும் பூக்கின்றன.