வாயிற்காவலருக்குச் சொன்ன பதில்



கொலை, கொள்ளை, கோவிற் சொத்தை அபகரித்தல் முதலிய விடயங்களிலே எமக்குச் சந்தேகம் எழுவதில்லை. அவை பாவம் என்பது முதல் நன்மைக்கு ஆயத்தஞ்செய்யும் பிள்ளைக்கும் தெரியும். சந்தேகம் எழுவது சின்னஞ்சிறு காரியங்களிலேதான். அத்தகைய ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். கடல் கடந்து வாழும் எம் உறவினர் மத்தியில் இது அடிக்கடி பேசப்படுகின்றது. அதுவும் சிரிப்போடு பேசப்படுகின்றது.

ரொறன்ரோவிலே குடியேறியுள்ள எம்மவர் பலர் பிள்ளைகளின் விடுமுறைக் காலத்திற் குடும்பமாகக் காரில் ஏறி, ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் ஓடி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்காவைப் பார்க்கப் போகின்றனர். பூங்காவின் தரிப்பிடத்திற் காரை நிறுத்த நாளொன்றுக்கு 30 டொலர் அளவிற் கட்டணம். பூங்காவுக்கு அருகே அதே கம்பனியின் சொகுசு ஹொட்டேல்களும் உண்டு. அங்கே சாப்பிட வருவோரின் காருக்குக் கட்டணம் இல்லை. ஆகவே சிலர் ஹொட்டேல் வாயிலிலே "சாப்பிட வந்திருக்கிறோம்" என்று சொல்லிக் காரை உள்ளே விட்டுவிட்டு, மறுபக்கத்தால் நடந்து பூங்காவுக்குப் போய்விடுகின்றனர். இரவிலே திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு போகின்றனர். ஒருவருடைய பணப்பையையும் தொடவில்லை. ஒரு பூட்டையும் உடைக்கவில்லை. இது பாவமா?

"வீடு இழந்து, வளவு இழந்து, பிள்ளைகளையும் இழந்த சனம் வாசிக்கும் பத்திரிகையிலே டிஸ்னி வேர்ல்டின் கார்த் தரிப்பிடத்துக்கு ஓர் இடமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தச் சிறு காரியத்தின் வேர் எம்முடைய அந்த இழப்புகளின் பக்கமாகவும் ஓடுகின்றது என்பது என் எண்ணம். சற்றுப் பொறுமையாய் வாசியுங்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. வால்ற் டிஸ்னி 1955இல் கலிபோர்னியாவிலே முதற் பூங்காவைத் திறந்தபோது அவரிடம் போதிய நிலம் இருக்கவில்லை. சுற்றிவர மற்றவர்கள் ஹொட்டேல்களைக் கட்டி வருமானத்தை அள்ளிக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை மறவாமல், புளோரிடாவிலே ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்கப்பட்டது. அவர் 1966இல் இறந்துபோக, 1971 ஒக்ரோபர் முதலாந் திகதி அங்கே மஜிக் கிங்டம் என்னும் பூங்கா திறக்கப்பட்டது. கொன்டெம்பரரி, பொலினீசியன் என்னும் இரு ஹொட்டேல்களும் அன்றே திறக்கப்பட்டன.

பூங்காவுக்கு வருவோரின் கார்கள் நிற்கும் பெருந்தரிப்பிடம் பூங்காவின் வாசலில் இல்லை; ஒரு செயற்கை ஏரிக்கு அப்பால் இருக்கின்றது. காரை அங்கே விட்டு, படகிலோ ஒற்றைத் தண்டவாள இரயிலிலோ ஏறித்தான் வாசலுக்கு வரவேண்டும். கொன்டெம்பரரி ஹொட்டேலில் இருந்தோ பத்து நிமிட நடை. இரண்டு நாட் பயணக் களைப்போடு, தூங்கி விழும் சிறுபிள்ளையைத் தோளிற் சுமந்து நிற்கும் தகப்பனுக்கு 30 டொலரைவிட இந்தப் பத்து நிமிட நடைதான் பெரிய சோதனை. நாங்கள் இங்கே விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு அவரை ஏளனமாய்த் தீர்ப்பிடக் கூடாது.

ஹொட்டேல் வாயிலிலே ஒரு தடைக் கம்பம் உண்டு. ஒரு காவலர் நிற்பார். என்ன அலுவல் என்று விசாரித்து, தங்குபவரா, சாப்பாட்டு மேசைக்குப் பதிவு செய்தவரா என்று பார்ப்பார். இதை அறிந்த சிலர் முன்கூட்டியே மேசைக்குப் பதிவு செய்து, காவலரிடம் அதைக் காட்டி, உள்ளே போனபின் பதிவை நீக்கிவிடுகின்றனர். வெறும் வாய்வார்த்தையோடு நிற்காமல், இவ்வளவு ஏற்பாட்டோடு செய்கிறவர்களும் இருக்கின்றார்கள்.

இது களவா? பிறருக்குரியதை, உடையவரின் நியாயமான விருப்பத்துக்கு மாறாக எடுப்பதே களவு என்பது எமது ஒழுக்கவியல் ஆசிரியர்களின் வரைவிலக்கணம். "நியாயமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டினியாற் சாகும் தறுவாயில் உள்ளவன் பிறருடைய அரிசியை எடுத்தால் அது களவாகாது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கின்றார். அந்த வேளையிற் பூட்டிய களஞ்சியத்தைக் காட்டி "என்னுடையது" என்று சொல்லும் உடையவனின் விருப்பம் நியாயமற்றது.

"அப்படியானால் 30 டொலர் மட்டும் நியாயமா?" என்று எம் உறவினர் கேட்பார்கள். கேட்கட்டும். 1971இல் அதே பூங்காவிற் காரை நிறுத்த 50 சதமே அறவிட்டார்கள். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்த 50 சதம் இன்று நான்கு டொலர் அளவிலேதான் வரும். ஆகக் கம்பனியின் பக்கத்தில் ஆசை மிகுந்திருக்கின்றது என்று சொல்வதிற் பிழையில்லை. நியாய விலையைப் பற்றித் திருச்சபை போதிப்பது வாங்குவோருக்கு மட்டுமன்று, விற்போருக்கும்தான். இதை மறைத்து, ஏழைகளுக்கு மாத்திரம் ஏழாம் கட்டளையை எடுத்துக்காட்டும் பிரசங்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

எனினும் கேளிக்கைப் பூங்கா அரிசி அன்று. விலை கூடினால் போகாமல் விடலாம். ஒருவருக்கு ஒருநாட் பிரவேசச் சீட்டே 100 டொலருக்கு மேல். நால்வர் உள்ள குடும்பம் நானூறு டொலருக்கு மேற் கொடுத்து உள்ளே போய், 30 டொலரிலே மட்டும் ஏழையாகின்றது! புனித அகுஸ்தீனார் தம் இளமையிற் பேரிக்காய் திருடிய கதை உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பசியில்லை; அதைவிட நல்ல பழங்கள் அவரிடமே இருந்தன. கூட்டாளிகளோடு சேர்ந்து திருடுகிறோம் என்ற இன்பத்துக்காகவே திருடி, பழங்களைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தொலைபேசியிலே கேட்கும் அந்தச் சிரிப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததோ என்று எனக்கு ஓர் ஐயம். மிச்சம் பிடித்த பணத்தால் வரும் மகிழ்ச்சி அவ்வளவு பலமாய்ச் சிரிக்காது.

"வெறுமனே கிடந்த இடந்தானே, யாருக்கு நட்டம்?" என்றொரு வாதமும் உண்டு. ஒருவர் செய்தால் நட்டமில்லைத்தான். ஆனால் பதிந்து நீக்கிய மேசைக்காகக் காத்திருந்து கிடைக்காமற் போன வேறொரு குடும்பம் இருக்கலாம். உண்மையாகவே சாப்பிட வந்து, தரிப்பிடம் நிரம்பிவிட்டதாற் திரும்பிய முதியவர் இருக்கலாம். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று எங்கள் பெரியோர் கேலி செய்தது இந்தத் தாராளத்தைத்தான். ஆயினும், களவு என்ற வகையில் மாத்திரம் பார்த்தால் இது அற்பமான காரியமே. இதைச் சாவான பாவமென்று நான் பயமுறுத்தப் போவதில்லை.

என்னை உறுத்துவது காரல்ல. வாயிலிற் சொன்ன அந்த வார்த்தை.

"நாங்கள் பொய் சொல்லவில்லை. சாப்பிட வந்தோம் என்றோம், பூங்காவுக்குள்ளே ஐஸ்கிறீம் சாப்பிட்டோம்தானே" என்று சொல்பவர்களும் உளர். சொல்லின் ஒரு பாதியை வாயிலும் மறுபாதியை மனத்திலும் வைக்கும் இந்த வித்தை புதியதன்று. முற்காலத்திற் சில ஆசிரியர்கள் இதற்கு இடங்கொடுத்து எழுதினார்கள். பாப்பரசர் பதினோராம் இன்னசென்ற் 1679இல் அதைக் கண்டனஞ் செய்து ஒதுக்கினார். கேட்பவருக்கு விளங்கவே முடியாத அர்த்தத்தை மனத்தில் ஒளித்துக்கொண்டு பேசுவது பொய்யே.

அதேவேளை, கேட்கின்ற எவருக்கும் எதையும் சொல்லிவிட வேண்டும் என்பதும் திருச்சபையின் போதனை அன்று. அறிய உரிமையில்லாதவனுக்கு உண்மையை வெளியிட எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூலும் சொல்கின்றது. இங்கேதான் எம்முடைய கதை வந்து சேர்கின்றது. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இந்த மண்ணிலே வளர்ந்தவர்களுக்குத் தடைக் கம்பம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வாகனத்தை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னோம். உள்ளதை உள்ளபடி சொல்லி ஆபத்தைத் தேடிக்கொண்டவர்களும் உண்டு. தன் மகன் இருக்கும் இடத்தை மறைத்த தாயை எந்தக் குருவானவராவது பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே கண்டித்திருப்பார் என்று நான் எண்ணவில்லை. கேட்டவர்கள் எந்தப் பக்கத்தவராயினும், அந்தப் பதிலை வைத்து ஓர் உயிருக்குத் தீங்கு செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

அந்தக் காலம் எமக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது: சீருடையோடு கம்பத்தடியில் நின்று கேள்வி கேட்பவன் எதிரி; அவனுக்குப் பொருத்தமான பதிலைச் சொல்லிக் கடந்துபோவதே கெட்டித்தனம். அன்று அது உயிரைக் காத்தது. அதே பழக்கம் கப்பலேறி, விமானமேறி, இப்போது புளோரிடாவிலே ஒரு ஹொட்டேல் வாயிலிலும் எங்களோடு வந்து நிற்கின்றது. ஆனால் அங்கே நிற்கும் மனிதர் யார்? விருந்தோம்புகிறவர் தம் வாசலில் நிறுத்திய கூலியாள். வெயிலிலே நின்று, புன்னகையோடு "என்ன அலுவல்?" என்று கேட்பதே அவருடைய வேலை. அவர் எம் பிள்ளையைத் தேடவில்லை. தம் எசமானின் வீட்டிலே யார் நுழைகிறார் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவரை அந்தப் பழைய கம்பத்தடி மனிதரோடு சேர்த்து எண்ணுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அன்று வாய்திறவாமல் நின்ற அந்தத் தாய்மாருக்குஞ் செய்யும் அவமானம்.

காரின் பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளை கனடாவிற் பிறந்தது. அதற்குச் சோதனைச் சாவடி தெரியாது. அதற்குக் கேட்டதெல்லாம் இவ்வளவே: அப்பா சாப்பிடப் போவதாகச் சொன்னார்; நாங்கள் சாப்பிடப் போகவில்லை; அம்மா சிரித்தார்.

அந்த ஹொட்டேல்கள் கத்தோலிக்கருக்கு வாசலைத் திறந்துவிட்ட கதையும் ஒன்று உண்டு. 1968இல் நிறுவப்பட்ட ஒர்லாண்டோ மறைமாவட்டம் உல்லாசப் பயணிகளுக்கு ஞாயிறு திருப்பலி ஒப்புக்கொடுக்க இடந்தேடியபோது, 1970களிலே பொலினீசியன் ஹொட்டேலிலேயே பூசை நடந்தது. பின்னர் அருகிலே அகிலத்தின் அரசியான மரியாவின் பெயரால் பேராலயம் ஒன்று எழுந்து, 2009இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. புளோரிடாவுக்குப் போகும் எம்மவர் அதைத் தரிசிக்காமல் வரவேண்டாம்.

சரி, ஹொட்டேலில் உண்மையாகவே சாப்பிட்டவர், சாப்பிட்டு முடித்தபின் சிறிது நேரம் பூங்காப் பக்கம் நடந்தால்? காவலரிடம் சொன்னது உண்மை. நாள் முழுவதும் இடத்தைப் பிடித்துவைக்காவிட்டால் அவரைக் குற்றஞ்சொல்ல மாட்டேன். அதே கம்பனியின் டிஸ்னி ஸ்பிறிங்ஸ் என்னும் கடைத்தொகுதியிலே கார் நிறுத்துவது இலவசம். அங்கே காரை விட்டு, ஹொட்டேலுக்குச் செல்லும் பேருந்தில் ஏறி, அங்கிருந்து பூங்காவுக்கு நடந்தோரும் முன்னர் இருந்தனர். ஏறும்போது எவரும் ஒன்றும் கேட்காதபோது, அங்கே பொய் இருக்கவில்லை. உடையவர் விரும்பாத சிக்கனம் என்று வேண்டுமானாற் சொல்லலாம். கேட்டால் கதை மாறும். அருவருப்பான ஒழுங்கு என்று சிலர் எண்ணக்கூடும்: இருவரும் 30 டொலர் கொடுக்கவில்லை, ஒருவர் மாத்திரம் குற்றவாளியா? ஆம். பணத்தால் மாத்திரம் அளந்தால் அது விளங்காது.

ஏற்கனவே செய்துவிட்டவர்கள் என்ன செய்வது? எடுத்ததை உடையவரிடம் திருப்பிக் கொடுப்பதே பழைய முறை. அது கைகூடாத இடத்தில் ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம். டிஸ்னி கம்பனிக்கு 30 டொலரைத் தபாலில் அனுப்பினால் அவர்கள் அதை எந்தக் கணக்கிலே பதிவது என்று தெரியாமல் திண்டாடக்கூடும்! அதை ஒரு விதவையின் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குக் கொடுக்கலாம். பின்னாசனத்துப் பிள்ளைக்குப் பட்ட கடனைத் தீர்க்கத் தபாலும் உதவாது, தருமமும் உதவாது. அதற்கு அடுத்த பயணந்தான் வேண்டும். அதே வாயிலிலே கண்ணாடியை இறக்கி, "நாங்கள் பூங்காவுக்குப் போகிறோம், காரை இங்கே விடலாமா?" என்று பிள்ளை கேட்கத்தக்கதாக அப்பா கேட்கட்டும். காவலர் இல்லையென்று சொல்லி, ஏரிக்கு அப்பாலுள்ள தரிப்பிடத்துக்கு வழிகாட்டுவார். காரைத் திருப்பிக்கொண்டு அங்கே போய், படகிலே ஏறினால், பிள்ளைகளுக்கு அந்தப் படகும் ஒரு வேடிக்கைதான்.