கட்டத் தெரியாதவன் கட்டலாமா?

பயிற்சி இல்லாத ஒரு வேலையைத் தன் கையாலேயே செய்து பார்க்க ஒருவருக்கு எதுவரை உரிமை உண்டு? இந்தக் கேள்விக்குப் பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு சின்ன வண்டியை வைத்தே பேசலாம்.

1930களில் அமெரிக்காவில் பரவிய வண்டி அது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்வது. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளியின் வடிவம். அதனால் ‘டியர்ட்ரொப்’ என்று பெயர். நாலடி அகலம், எட்டு முதல் பத்தடி நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். எழுந்து நிற்க முடியாது. பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் அதுவே கூரை, அதன் கீழே அடுப்படி. சமைக்கிறவர் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும்.

கம்பனிகளும் இதைச் செய்து விற்றன. ஆனால் இதன் பெயரைக் காப்பாற்றியவர்கள் வீட்டு முற்றத்தில் வைத்துக் கட்டிய சாதாரண ஆட்கள். ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்ற சஞ்சிகை 1947இல் இதன் வரைபடத்தை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த நேரம். மிஞ்சிய அலுமினியத் தகடு கூரையாயிற்று, ஜீப் சில்லு இதன் சில்லாயிற்று. 1960களில் மங்கிப் போன இந்த வண்டி, இணையம் வந்த பிறகு மீண்டும் முற்றங்களுக்கு வந்தது. கிளாக்கரும் கடைக்காரரும் வாத்தியாரும் உளி பிடித்தார்கள்.

நமக்கு இது அவ்வளவு அந்நியமான சங்கதியல்ல. எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரை வயலுக்குப் போன நம் மூத்தவர்கள், கூடாரம் போட்ட மாட்டு வண்டியில் அரிசியும் சட்டியும் பாயும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாடி கட்டி முடியும்வரை வண்டிதான் வீடு. அந்த வாடியையும் ஓடாவி வந்து கட்டித் தரவில்லை. காட்டுக்கம்பும் கிடுகும் கொண்டு அவர்களே கட்டினார்கள். ஒழுகினால் நனைந்தவர்களும் அவர்களே.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் என் கண் நிற்கிறது. அமெச்சூர் என்ற சொல் அன்பு என்னும் வேரிலிருந்து வந்தது என்பார்கள். நாமோ ‘கற்றுக்குட்டி’ என்று சொல்லிச் சிரிக்கிறோம். அன்பு, சிரிப்பு இரண்டுமே இங்கே போதாது. பார்க்க வேண்டியது, பிழை யார் தலையில் விழுகிறது என்பதை.

துளி வண்டியின் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஒட்டுப்பலகையை வளைத்து மரச்சட்டங்களில் பொருத்த வேண்டும். அவசரப்பட்டால் பலகை வெடிக்கும். பின்மூடியின் விளிம்பு சரியாக அடையாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். காற்றுப் போக வழி வைக்காவிட்டால் இரண்டு பேரின் மூச்சே விடியும்போது சுவரில் நீராக வழியும். இவையெல்லாம் கட்டியவர் படுத்து அனுபவிக்கிற பிழைகள். மார்கழி மழையைவிடக் கண்டிப்பான பரிசோதகர் யார்? இங்கே ஒருவர் எத்தனை தடவையும் பிழை விடலாம், திருத்தலாம். யாரும் கேட்க முடியாது.

அச்சும் கொழுவியும் வேறு. பழைய வண்டிக்காரரிடம் முன்பாரம், பின்பாரம் என்று சொன்னால் உடனே விளங்கும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். மாடு நின்றுவிடும், நின்று உங்களுக்கு அறிவிக்கும். கார் அறிவிக்காது. பின்பாரம் ஏறிய ட்ரெய்லர் வேகத்தில் பாம்புபோல் ஆடத் தொடங்கி, சிலவேளை காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். அதனால்தான் மொத்தப் பாரத்தில் பத்து முதல் பதினைந்து வீதம் முன்கொழுவியில் இறங்க வேண்டும் என்கிறார்கள். 500 கிலோ வண்டியென்றால் 50 முதல் 75 கிலோ. துளி வண்டியிலோ அடுப்படி பின்னால். இருபது லீற்றர் தண்ணீரும் சட்டிமுட்டியும் அச்சுக்குப் பின்னே ஏறுகின்றன. ஆகவே அச்சை நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி வைக்க வேண்டும். இதில் பிழைத்தால் அடிபடுகிறவர், எதிரே சைக்கிளில் வரும், இந்த வண்டியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர்.

நல்ல மனசு இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நம் கரையிலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, இழந்த படகுகளுக்குப் பதிலாகப் படகு கொடுக்கப் பல அமைப்புகள் ஓடி வந்தன. தேவை பெரிது, காசும் இருந்தது. முன்பின் படகு கட்டியிராதவர்களும் ஃபைபர் படகு கட்டத் தொடங்கினார்கள். தரக்குறைவான படகுகள் கடற்றொழிலாளரின் உயிருக்கே ஆபத்து என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு எச்சரிக்கும் நிலை வந்தது. கொடுத்தவர்களின் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கட்டியவர் அந்தப் படகில் ஏறிக் கடலுக்குப் போகவில்லை. போனவர் மருதமுனையிலோ நாவலடியிலோ ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்திருந்த மனிதர். தன் முற்றத்தில் ஒழுகும் பெட்டியைக் கட்டி அதிலேயே படுக்கிற அமெரிக்கக் கிளாக்கர், என் கணக்கில், இந்தப் படகு கட்டியவரைவிட நேர்மையான கற்றுக்குட்டி.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர், விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதின் தொகுப்பில் உண்டு. மருத்துவர் என்ற இடத்தில் படகுக்காரரையும் வண்டிக்காரரையும் வைத்துப் பார்க்க நமது ஃபிக்ஹு நூல்களுக்குத் தெரியும். நாம்தான் அதை வைத்தியரோடு நிறுத்திவிட்டோம்.

ஒரு மறுப்பு எழும். தெரிந்த பிறகுதான் தொட வேண்டுமென்றால் யார்தான் தெரிந்துகொள்வது? நியாயமான கேள்வி. ‘பயிற்றப்பட்ட ஆசிரியர்’ என்ற முத்திரை கிடைக்குமுன், கற்பித்தற் பயிற்சிக்கு நாங்களும் உயிருள்ள பிள்ளைகள் முன்னால்தான் நின்றோம். ஆனால் வகுப்பின் பின்வாங்கில் விரிவுரையாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓடாவியிடம் சேரும் பொடியனும் முதலில் கழிவு மரத்தைத்தான் சீவுகிறான்; தோணியின் அடிப்பலகைக்குக் கை வைக்க வருடங்கள் ஆகும், அப்போதும் ஓடாவி பக்கத்தில் நிற்பார். சஞ்சிகை வரைபடத்தின் குறை அங்கேதான். அளவைச் சொல்லும், உங்கள் கையைப் பார்க்காது. வெல்டிங் உள்ளே பிடித்ததா, மேலே பூசிக் கிடக்கிறதா என்று அது எப்படிச் சொல்லும்? அச்சையும் கொழுவியையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வித்துவிட்டுக் கூட்டைத் தாங்களே கட்டும் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். கூலி கொடுத்தாலும் அவர்களுடைய வண்டி அவர்களுடையதுதான்.

அந்த வண்டிகளில் ஒரு சின்னச் சங்கதி எனக்குப் பிடிக்கும். கொழுவி இருக்கும்போதே அதன் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுகிறார்கள். கொழுவி கழன்றால் வண்டியின் மூக்கு றோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொட்டில்போல் தங்கும். நம் பக்கம் அறுவடைக் காலத்து இரவுகளில் நெல் ஏற்றிவரும் உழவு மெசின் பெட்டிகளில், நான் பார்த்த பலவற்றில், அந்தச் சங்கிலியும் இல்லை, பின்விளக்கும் இல்லை.