சாட்சி சொல்லும் கல்வி

புதுவையை அடுத்த பாகூருக்கு ஏரியும் வயலும் மட்டும் செல்வமல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கல்விக்கு ஊர்களையே ஈந்தவர் நம் முன்னோர். அக்கல்வி நம் பெருமையை மட்டும் சொன்னால் போதுமா? நம் பிழையையும் சொல்ல வேண்டாமா?

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், பிரிந்த நாடுகளின் பள்ளிகளில் இவ்வினா கடுமையாக எழுந்தது. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில், கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றனர். 1976இல் சோவியத் அரசு அங்கு எழுப்பிய நினைவுச்சின்னமோ யூதர் என்ற சொல்லையே சொல்லவில்லை. நகரமக்கள், போர்க்கைதிகள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டவர்க்கு அப்பெயரையும் மறுப்பது, மாண்டபின்னும் இழைக்கும் அநீதியன்றோ?

பெயரைச் சொல்வதோடு பாடம் முடிவதில்லை. கொலைஞர்க்குத் துணைநின்றவருள் உள்ளூராரும் இருந்தனர். பஞ்சத்தாலும் சிறைமுகாம்களாலும் வாடிய அம்மக்கள், "நாங்களும் துன்புற்றோமே" என்பது உண்மையே. ஆயினும் பட்ட துயர் செய்த பிழையை அழிக்காது. 1995இல் லித்துவேனியக் குடியரசுத் தலைவர் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் நின்று, தம் நாட்டவர் சிலர் புரிந்த கொடுமைக்கு மன்னிப்புக் கோரினார்.

இது தொலைநாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கலாகாது. புதுவையிலிருந்து ஏழை மக்கள் அடிமைகளாக, இன்று மொரீசியஸ், ரெயூனியன் எனப்படும் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, ஆசைகாட்டி ஆள்பிடித்து விற்ற கொடுமையை 1743இல் பதிவுசெய்கிறது. வாங்கியவர் பிரெஞ்சுக்காரர், பிடித்துக் கொடுத்தவர் நம் மண்ணவர். பாபி யார் வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் வில்லியனூர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை, "அந்நியர் செய்தனர்" என்று மட்டும் எழுதினால் அது பாதி விடையே.

பலஸ்தீனத் துயரால் புண்பட்ட நம் உள்ளம், யூதர் பட்ட துன்பத்தைப் படிக்கத் தயங்கலாம். ஒருவர் கண்ணீரை ஒப்புக்கொள்வதால் மற்றவரின் நியாயம் குறைந்துவிடுமா? தமக்கும் தம் பெற்றோர் உற்றாருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறை பணிக்கிறதே!

மாண்டவர் யார், எதற்காக மாண்டனர், நம்மவருள் துணைபோனவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் அஞ்சாது விடை தரும் ஆசிரியரே அச்சாட்சியை நிறைவேற்றுகிறார். அத்தகைய பாடம் கேட்டு வளரும் பிள்ளை, நாளை அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கத் தயங்கும்.