பகவந்தி ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை?

'கோலங்கள்' ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அம்மாவைக் கேலி செய்யாத நாள் எனக்குக் கிடையாது. "இன்னைக்கு எத்தனை பேர் அழுதாங்க?" என்று கேட்பேன். அம்மா பதில் சொல்லாமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே திரையைப் பார்ப்பார். பின்னாளில் என் திருமணம் முறியும் நிலைக்கு வந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "கொஞ்சம் பொறுத்துக்கோடீ." இதையெல்லாம் அந்தப் பெட்டிதான் கற்றுக்கொடுத்தது என்று அன்று கத்தினேன். அது உண்மைதானா என்ற கேள்வி பல வருடங்களாக என்னை விடவில்லை.

துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பெண்ணைக் காட்டுவதும், அந்தப் பொறுமையைப் போற்றுவதும் ஒன்றா? இந்தியத் தொலைக்காட்சித் தொடர் பிறந்ததே இந்தச் சிக்கலில்தான். 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை பற்றியெல்லாம் கதை வழியாகச் சொல்ல வேண்டும் என்பது அரசின் எண்ணம். மெக்சிகோவின் மிகேல் சபிதோ வகுத்த முறையையே பின்பற்றினார்கள். பின்பற்ற வேண்டியவர், பின்பற்றக் கூடாதவர், இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர் என்று பாத்திரங்களைப் படைக்கும் முறை அது.

குடிகாரக் கணவனிடமும் மாமியாரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் உழைக்கும் பகவந்தி, பின்பற்றக் கூடாதவள் என்ற வரிசையில் எழுதப்பட்டவள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி அன்றைய கதையைப் பற்றிப் பேசுவார். அப்படியும் பின்னர் ஆய்வாளர்கள் கேட்டபோது, பெண்கள் உட்படப் பார்வையாளர்களில் பலர் பகவந்தியைத்தான் நல்ல முன்மாதிரி என்றார்கள்! எச்சரிக்கையாக எழுதப்பட்டவளை இலட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். எழுதியவரின் நோக்கம் சுத்தமாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. (அந்தத் தொடருக்கு விளம்பரதாரர் மேகி நூடுல்ஸ். பெண் விடுதலைக்கான முதல் தொடரும் சமையலறைக்குள் பொருள் விற்றுத்தான் ஓடியது.)

வேறு பாதையே இல்லாமல் இல்லை. 1985இல் பாசு சாட்டர்ஜியின் 'ரஜனி' வந்தது. அதில் பிரியா தெண்டுல்கர் ஏற்ற இல்லத்தரசி, அநியாயம் கண்ட இடத்தில் எல்லாம் போய்ச் சண்டை போட்டாள். 1989இல் கவிதா சௌத்ரி, காவல்துறை அதிகாரியான தன் அக்காவின் வாழ்க்கையிலிருந்து 'உடான்' எடுத்தார். இந்த இருவரும் எல்லோருக்கும் பிடித்தவர்கள்தான். ஆனால் தனியார் சேனல்கள் வந்து தினசரித் தொடர் என்ற வடிவம் நிலைத்தபோது, பிழைத்தவள் பகவந்தி.

இதில் ரசனைக் கோளாறைவிட வடிவத்தின் கணக்கு பெரிது என்று நினைக்கிறேன். வாராவாரம் ஒரு சண்டையில் வென்று வீடு திரும்புபவளை வைத்துத் தினமும் கதை ஓட்ட முடியாது. கதை நாளைக்கும் தொடர வேண்டுமானால் அவள் நாளைக்கும் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். அவள் வாசலைத் தாண்டினால் தொடரே முடிந்துவிடும். பெண்ணைக் கட்டிப்போடுவது கதாசிரியரின் ஆணாதிக்க மனம் மட்டுமல்ல, அத்தியாயத்தின் எண்ணிக்கையும்தான்.

'கோலங்கள்' 1,500 அத்தியாயங்களைத் தாண்டியது. அதன் அபி மணமுறிவைச் சந்தித்து, கட்டட நிறுவனம் நடத்தியவள். ஆனாலும் பிறந்த வீட்டின் பாரம் முழுவதும் அவள் தலையில். அதை இயக்கிய திருச்செல்வமே 2022இல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாக்கி, சமையலறையில் நிறுத்திவைக்கும் மதுரை வீடு. அங்கே பெண்கள் பேசினார்கள், கூட்டாக எதிர்த்தார்கள். பகவந்தியிடமிருந்து வெகுதூரம் வந்துவிட்டார்கள். ஆனால் ஆதி குணசேகரனாக மாரிமுத்து சொன்ன "ஏய், இந்தாம்மா" ஊரெல்லாம் நகைச்சுவையாகப் பரவியது. எச்சரிக்கையாக எழுதப்பட்டவன் மீண்டும் வேறொன்றாக மாறினான். கல்யாண வீடுகளில் ஆண்கள் அதைத் தங்கள் மனைவியரிடம் சொல்லிச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் பார்ப்பவரை ஏமாளி என்று சொல்லிவிடலாமா? அதைத்தான் நான் இருபது வருடம் செய்தேன். சென்ற முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய 'எதிர்நீச்சல்' அத்தியாயங்களைப் பார்த்தேன். குணசேகரன் வாயைத் திறந்ததும் அம்மா, "நீயெல்லாம் ஒரு மனுஷனாடா" என்றார், சத்தமாக. இரண்டடி தள்ளி ஈசிசேரில் அப்பா. நாற்பத்தாறு வருட மணவாழ்க்கையில் அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி உயர்த்திக்கொண்டார்.

விளம்பரம் வந்தபோது, "அன்னைக்கு என்னை ஏம்மா பொறுத்துக்கச் சொன்னே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சது அதுதான். நீ கேக்கலையே, வந்துட்டியே" என்றார். பிறகு, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்றார்.