கதிர் பட்ட வயது

1969 செப்டம்பர் 28-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மர்ச்சிசன் என்ற சிற்றூரில் ஒரு விண்கல் சிதறி விழுந்தது. 100 கிலோவுக்கு மேல் பொறுக்கினார்கள். அதன் வயதைக் கேட்டால் இரண்டு பதில் உண்டு. உருவாகி ஏறக்குறைய 4.5 பில்லியன் ஆண்டு. கதிர் பட்ட வயதோ இரண்டு மில்லியனுக்கும் குறைவு.

பெரிய தாய்ப்பாறையிலிருந்து உடைந்து வெட்டவெளிக்கு வந்த பிறகான காலம்தான் கதிர் பட்ட வயது. காஸ்மிக் கதிர் பாறைக்குள் ஒன்றிரண்டு மீட்டர்தான் போகும். போகிற வழியில் சிலிக்கன், மக்னீசியம் அணுக்கருக்களை உடைக்கும். கொஞ்சம் நியான்-21 பிறக்கும். நியான் எதோடும் சேராது என்பதால் கல்லில் ஆரம்பத்திலேயே அது மிகக் குறைவு. புதிதாகப் பிறந்தது தனியாகத் தெரிந்துவிடும். அதை அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு பிறக்கும் என்ற கணக்கால் வகுத்தால் வயது. (பள்ளியில் மலாயில் 'காஸ் அடி' என்று படித்தோம், மேன்மையான வாயு. தமிழில் 'மந்த வாயு'. யாரோடும் ஒட்டாமல் இருப்பது ஒரு மொழிக்கு மேன்மை, இன்னொன்றுக்கு மந்தம்!)

பொறியாளனாக எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். ஆனால் மனுசங்களையும் நாம் இதே கடிகாரத்தில்தான் அளக்கிறோமோ என்று ஒரு சந்தேகம். "நாங்க பட்டதுல பாதியாவது நீ பட்டிருப்பியா?" பால்மரம் வெட்டி வளர்ந்த தலைமுறை கேட்டால் நமக்குப் பேச்சு வராது. பட்டதுதான் வயது. நிழலில் கழிந்த வருசங்கள் கணக்கிலேயே இல்லை. இலக்கியக் கூட்டங்களிலும் இதே அளவுகோல்தான். காயம் இல்லாதவன் எழுதினால் அது 'அனுபவமற்ற எழுத்து'.

சரி, மர்ச்சிசன் கல் நிழலில் இருந்தபோது சும்மாவா இருந்தது? தாய்ப்பாறைக்குள் பனி உருகி நீர் ஊறியது. கனிமங்கள் களிமண்ணாக மாறின. அந்தக் கல்லில் 70-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கண்டிருக்கிறார்கள். பல அந்த ஈரத்தில் உருவாகியிருக்கலாம். நியானிடம் கேட்டால் இந்தக் காலம் முழுக்க கிட்டத்தட்ட பூஜ்யம் என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பட்டதும் பொய்யில்லை. அதே கல்லுக்குள் சூரியனுக்கும் முந்திய சிலிக்கன் கார்பைடு துகள்கள் உள்ளன. பாறைக்குள் சேரும் முன் வெட்டவெளியில் அலைந்தவை. 2020-இல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் ஃபிலிப் ஹெக் குழுவினர் அவற்றின் நியானை அளந்தார்கள். சிலவற்றின் வயது 5.5 பில்லியனைத் தாண்டியது. வெளியிலேயே கிடந்திருந்தால் அவை எப்போதோ அழிந்திருக்கும். அவை பட்டதைப் பத்திரமாக வைத்திருந்தது அந்த நிழல்.

இன்று தோட்டக் கதை எழுதும் என் வயதுக்காரர்கள் பலர் பால்வெட்டும் கத்தியைத் தொட்டதே இல்லை. "நீ பட்டியா?" என்று அவர்களைக் கேட்கிறவர்களிடம் நான் இந்தத் துகள்களைப் பற்றித்தான் பேசுவேன்.